ரோட்டைப் பார்த்து வண்டி பேசுங்கள்: குமரி மாவட்ட உள் ஊர்களில் வேன், பஸ் வாடகைக்கு எடுப்பவர்களுக்கு

வண்டி பேசப் போகிறவர்கள் முதலில் கேட்பது "கிலோமீட்டருக்கு எவ்வளவு?" என்றுதான். குமரி மாவட்டத்தில், அதிலும் விளவங்கோடு, கல்குளம், திருவட்டாறு, கிள்ளியூர் தாலுகாக்களின் உள் ஊர்களில், அந்தக் கேள்வி நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ வந்தால் போதும். முதலில் பார்க்க வேண்டியது மெயின் ரோட்டிலிருந்து கல்யாண வீடு வரை உள்ள கடைசி இரண்டு கிலோமீட்டர். எந்த வண்டி, எத்தனை வண்டி, எத்தனை மணிக்குப் புறப்பாடு, கடைசியில் பில் எவ்வளவு என்பதெல்லாம் அங்கேயே பாதி முடிவாகிவிடும்.

தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் ஊர் என்றால் பெரும்பாலும் தெருவாக இருக்கும். பஸ்ஸை ஊர் முகப்பில் நிறுத்தினால் ஆட்கள் நடந்தே வந்து ஏறிவிடுவார்கள். மேற்கே அப்படியில்லை. ஒவ்வொரு வீடும் தன் விளைக்குள் (தோட்டத்துக்குள்), ஒரு மேட்டிலோ சரிவிலோ தனியாக இருக்கும். ஒரே ஊர்க்காரர்கள் என்று சொல்லும் ஐம்பது பேர் மூன்று கிலோமீட்டர் சுற்றளவில் சிதறிக் கிடப்பார்கள். நடுவில் சானல் (பாசனக் கால்வாய்), ஏலா (வயல்வெளி), ரப்பர் தோட்டம், பஞ்சாயத்து போட்ட ஒற்றை கான்கிரீட் ரோடு. 50 சீட் பஸ்ஸை புக் செய்துவிட்டு, அது முக்கிலேயே நின்றுகொண்டு "இதுக்கு மேல உள்ள வராது" என்று டிரைவர் சொல்லும்போது பட்டுச்சேலைக்காரர்கள் இருட்டில் ஒரு கிலோமீட்டர் நடப்பது இந்தப் பக்கத்தில் வாடிக்கை.

ரோட்டை எப்படிப் பார்ப்பது

12 மீட்டர் நீளமுள்ள பெரிய கோச் ஏறத்தாழ இரண்டரை மீட்டர் அகலம். இரண்டு பக்கக் கண்ணாடியையும் சேர்த்தால் மூன்று மீட்டரை நெருங்கும். உயரம் மூன்றரை மீட்டர் அளவில் இருக்கும். ஐஷர், சுவராஜ் மஸ்தா வகை நடுத்தர வண்டிகள் எட்டரை, ஒன்பது மீட்டர் நீளம். 26 சீட் டெம்போ டிராவலர் சுமார் 7 மீட்டர் நீளம், இரண்டு மீட்டருக்குச் சற்று மேல் அகலம். இந்த அளவுகளை மனதில் வைத்துக்கொண்டு ஒரு முறை பைக்கில் போய்வந்தால் போதும். ஆனால் பகலில் போகாதீர்கள். வண்டி வரப்போகிற நேரத்தில், அதிகாலை என்றால் அதிகாலையிலேயே போங்கள். தெருவிளக்கு எங்கே இல்லை, எந்த வீட்டுக்காரர் ரோட்டோரம் காரை நிறுத்துகிறார் என்பது அப்போதுதான் தெரியும்.

அகலத்தைவிட அதிகமாகத் தொல்லை கொடுப்பது உயரம். கோயில் கொடைக்கும் சர்ச் திருவிழாவுக்கும் கட்டிய வளைவு, தாழ்ந்து தொங்கும் கேபிள் டிவி ஒயர், வீட்டுக்கு இழுத்த மின்சார சர்வீஸ் ஒயர், ரோட்டுக்குச் சாய்ந்த பலா, புளிக் கொம்புகள் எல்லாம் மூன்று மீட்டரிலிருந்து நான்கு மீட்டருக்குள்தான் நிற்கும். நான்கு மீட்டர் மூங்கில் ஒன்றில் மூன்றரை மீட்டரில் துணி கட்டி, வளைவுகளின் அடியில் பிடித்துப் பாருங்கள். மின்கம்பி இருக்கும் இடத்தில் மட்டும் கம்பை உயர்த்த வேண்டாம். கண்ணளவில் சந்தேகம் வந்தாலே அந்த வழி பெரிய பஸ்ஸுக்கு இல்லை என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

கம்பு எடுத்துப் போக நேரம் இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. ரப்பர் தடி ஏற்றுகிற லாரி அந்த ரோட்டில் போய்வருகிறதா என்று பக்கத்து டீக்கடையில் கேளுங்கள். தடி லாரி போகிற வழியில் டெம்போ டிராவலர் தாராளமாகப் போகும். அரசு டவுன் பஸ் வருகிற ரோட்டில் கோச்சும் வரும் என்று பலர் நினைப்பார்கள். அகலத்துக்கு அது சரி. தரைக்கு அது சரியில்லை. டூரிஸ்ட் கோச்சுகளுக்குப் பின் சக்கரத்துக்கு அப்பால் நீண்ட வால் பகுதி இருக்கும், அடியில் லக்கேஜ் பெட்டியும் இருக்கும். சரிவான ஊர் ரோடு மெயின் ரோட்டில் சட்டென்று ஏறிச் சேரும் இடத்தில் அந்த வால் தரையில் உரசும். டவுன் பஸ் சாதாரணமாக ஏறுகிற மேட்டில் ஏ.சி. கோச் மாட்டிக்கொள்வதற்குக் காரணம் இதுதான்.

சானல் கரை ரோடு தனி ரகம். ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் பள்ளம் அல்லது மதில். எதிரே வண்டி வந்தால் ஒதுங்க இடமே இருக்காது. மழைக்காலத்தில் ஓரத்துச் செம்மண் இளகியிருக்கும். ஒரு சக்கரம் தார் விட்டு இறங்கினால் வண்டி சாயும். குமரிக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. அதனால் ஜூனிலும் அக்டோபர், நவம்பரிலும் சானல் கரை வழியை நம்பி 20 சீட்டுக்கு மேல் எதையும் உள்ளே வரச் சொல்லாதீர்கள்.

உள்ளே வந்த வண்டி திரும்புவதற்கும் இடம் பார்க்க வேண்டும். 12 மீட்டர் பஸ் பின்னோக்கி எடுக்காமல் வட்டமடித்துத் திரும்ப 24 மீட்டர் விட்டமுள்ள இடம் தேவைப்படலாம். சர்ச் மைதானம், பள்ளிக்கூட மைதானம், கோயில் முற்றம் ஏதாவது பக்கத்தில் இருந்தால் முதல் நாளே அனுமதி வாங்கி, கேட் சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். காலை நாலரை மணிக்குச் சாவி தேடி அலைவதைப் போல நேரத்தைத் தின்பது வேறில்லை.

ஒரு பெரிய பஸ்ஸா, இரண்டு வேனா

ஐம்பது பேர் என்றதும் 50 சீட் பஸ் என்று கணக்குப் போடுவது டவுன் புத்தி. ஆட்கள் சிதறி இருக்கும் ஊருக்கு இரண்டு 26 சீட் வேன்கள் நல்லது. ஒன்று கிழக்குப் பக்கம் ஏற்றிக்கொண்டு வரும், இன்னொன்று மேற்குப் பக்கம். மெயின் ரோட்டில் இரண்டும் சேர்ந்துகொள்ளலாம். இரண்டு டிரைவர், இரண்டு பேட்டா (டிரைவருக்கான நாள் படி), டோலும் இரட்டிப்பு. செலவு கூடும்தான். ஆனால் பெரிய பஸ்ஸை முக்கில் நிறுத்தி, வீடுகளிலிருந்து ஆட்டோ வைத்து ஆட்களைக் கொண்டுவரும் செலவையும் அதற்காகும் முக்கால் மணி நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால் பல நேரம் வித்தியாசம் காணாமல் போகும். ஒரு வண்டி வழியில் நின்றுவிட்டாலும் முகூர்த்தத்துக்குப் பாதிப் பேராவது போய்ச் சேர்வார்கள். மறுவீட்டுக்குப் போகும்போது இந்தக் கவலை குறைவு. கல்யாணத்தன்று அதுவே பெரிய ஆறுதல்.

இரண்டு மூன்று நாள் நெடுந்தூரப் பயணத்துக்கு, அதுவும் வயதானவர்கள் அதிகம் என்றால், பெரிய கோச்தான் சரி. அலுங்கல் குறைவு, பெட்டி வைக்க அடியில் இடம் உண்டு. அப்போது ஆட்களைத்தான் ஓரிடத்துக்கு வரவழைக்க வேண்டும். ஏறும் இடம் மூன்றுக்கு மேல் வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு நிறுத்தமும் பத்து நிமிடம் தின்னும். "எங்க வீட்டு முன்னாடிதானே போகுது, ஒரு நிமிஷம்" என்று சொல்லும் சொந்தக்காரர் ஒருவருக்குச் சம்மதித்தால் அடுத்த நாலு பேருக்கும் மறுக்க முடியாது. நடக்க முடியாத பெரியவர்களுக்கு மட்டும் ஆட்டோவைத் தனியாகப் பேசிவிடுங்கள். ஏறும் இடம் வண்டி போகிற திசைக்கு இடப்பக்கத்தில், விளக்கடியில், மழைக்கு ஒதுங்கத் திண்ணையோ பஸ் ஸ்டாப் கூரையோ உள்ளதாக இருக்கட்டும். இரவில் குழந்தைகளோடு தேசிய நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்க வைக்கும் இடத்தைத் தேர்வு செய்யாதீர்கள்.

சீட் கணக்கில் இன்னொரு சங்கதி. "மடியில் வைத்துக்கொள்கிறோம்" என்று சொல்லப்படும் குழந்தைகளில் பாதிப் பேர் அரை மணி நேரத்தில் சீட் கேட்பார்கள். மூன்று வயதுக்கு மேல் எல்லோருக்கும் சீட் என்று எண்ணுங்கள். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணிக்கைக்கு மேல் ஏற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 194ஏ பிரிவின்படி கூடுதல் ஆள் ஒவ்வொருவருக்கும் 200 ரூபாய் அபராதம். பணம்கூடப் பெரிதல்ல. கூடுதல் ஆட்களை இறக்கி, அவர்களுக்கு வேறு வண்டி ஏற்பாடு செய்யும் வரை அந்த வண்டியை நகர விடக்கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. நடுவழியில், முகூர்த்த நேரத்தில் அது என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். டெம்போ டிராவலரின் நடைபாதையில் மோடா போட்டு ஐந்து பேரை உட்கார வைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. கடுமையாக பிரேக் போட்டால் முதலில் முன்னே போய் விழுவது அவர்கள்தான்.

டெம்போ டிராவலரில் லக்கேஜ் இடம் குறைவு. சில ஏ.சி. வண்டிகளில் கூரை மேல் ஏ.சி. யூனிட் இருப்பதால் மேல் கேரியரும் பெயருக்குத்தான் இருக்கும். 26 சீட்டுக்கு 26 பேர், மூன்று நாள் பெட்டி என்றால் கடைசி வரிசை பெட்டிகளுக்குப் போய்விடும். 22 பேருக்கு மேல் சேர்க்காதீர்கள்.

எந்த மாதத்தில் வண்டி கிடைக்காது

கார்த்திகை ஒன்றிலிருந்து மகரவிளக்கு வரை வேன்கள் எல்லாம் சபரிமலைக்கு ஓடும். அந்த இரண்டு மாதத்தில் நல்ல வண்டி வேண்டும் என்றால் ஆவணியிலேயே பேசி வைப்பது நல்லது. டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா நாள். அதையொட்டி நாகர்கோவிலுக்குள் பெரிய வண்டி நிறுத்த இடம் கிடைப்பது கடினம். மாசியில் மண்டைக்காடு கொடை, சாமிதோப்பில் மாசி 20 அய்யா வைகுண்டர் அவதார தினம், சிவராத்திரி என்று அடுத்தடுத்து வரும். தவக்காலத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் பெரும்பாலும் கல்யாணம் வைப்பதில்லை. அதனால் அந்த நாற்பது நாள் கல்யாணங்களும் ஈஸ்டருக்குப் பிறகு மொத்தமாக இறங்கும். கூடவே சித்திரை, வைகாசி முகூர்த்தங்களும் பள்ளி விடுமுறையும் சேர்ந்துகொள்ளும். ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் சனி, ஞாயிறு, திங்கள் வேண்டும் என்றால் இரண்டு மூன்று மாதம் முன்பே அட்வான்ஸ் கொடுத்துவிடுங்கள். ஆடியில் வண்டிகள் சும்மா நிற்கும், அமாவாசை தவிர. வாடகை குறைத்துப் பேச நல்ல மாதம் அது.

ஷெட் எங்கே இருக்கிறது

இப்போது கிலோமீட்டர் ரேட்டுக்கு வரலாம். இந்தத் தொழிலில் கிலோமீட்டர் ஓடுவது நீங்கள் ஏறும் இடத்திலிருந்து அல்ல, வண்டி வழக்கமாக நிற்கும் ஷெட்டை விட்டுப் புறப்படும்போதே. திரும்ப ஷெட்டுக்குப் போய் நிற்கும் வரை ஓடும். அதோடு ஒரு நாளுக்குக் குறைந்தபட்சம் இத்தனை கிலோமீட்டர் என்று ஒரு கணக்கும் இருக்கும்.

அருமனையிலிருந்து ஒரே நாளில் திருச்செந்தூர் போய்வர வேன் பேசுகிறீர்கள் என்று வையுங்கள். அருமனையிலிருந்து நாகர்கோவில் ஏறத்தாழ 40 கி.மீ. அங்கிருந்து கூடங்குளம், உவரி வழியாகத் திருச்செந்தூர் சுமார் 90. போகவர 260. கணக்குக்காகக் கிலோமீட்டருக்கு 25 ரூபாய், குறைந்தபட்சம் 300 கி.மீ. என்று எடுத்துக்கொள்வோம். வண்டி நாகர்கோவில் ஷெட் என்றால், அருமனைக்கு வர 40, இறக்கிவிட்டுத் திரும்ப 40 சேர்ந்து மொத்தம் 340 கி.மீ., 8,500 ரூபாய். அருமனை, மார்த்தாண்டம் பக்கத்து வண்டி என்றால் 270, 280 கி.மீ.தான் ஓடும். குறைந்தபட்சக் கணக்கில் 7,500 ரூபாயோடு நிற்கும். நாகர்கோவில்காரர் ஒரு ரூபாய் குறைத்து 24 என்றாலும் 8,160 ஆகும். ரேட் குறைவு, பில் அதிகம். டி.என். 74 நாகர்கோவில் பதிவு, டி.என். 75 மார்த்தாண்டம் பதிவு. நம்பர் பலகையை வைத்து ஷெட்டை ஓரளவு ஊகிக்கலாம் என்றாலும், வண்டி கைமாறியிருக்கலாம். நேராகவே கேட்டுவிடுங்கள்.

நாள் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. பல உரிமையாளர்களுக்கு ஒரு நாள் என்பது நள்ளிரவு 12 முதல் அடுத்த 12 வரை. வெள்ளி இரவு 11 மணிக்குப் புறப்பட்டு ஞாயிறு அதிகாலை 1 மணிக்கு இறங்கினால் அது மூன்று நாள். மூன்று நாள் குறைந்தபட்ச கிலோமீட்டரும் மூன்று பேட்டாவும் விழும். புறப்பாட்டை 12.15-க்குத் தள்ளி, சனி இரவு 11.30-க்குள் ஊர் வந்து சேர்ந்தால் ஒரே நாள். ஆனால் இரவு முழுக்க ஓட்டி, பகல் முழுக்க நிறுத்தாமல் மறுபடி இரவு ஓட்டச் சொல்லும் திட்டமாக அது ஆகிவிடக்கூடாது. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வரும் வரை இருந்த 1961-ஆம் வருட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் சாதாரணமாக ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேர வேலைக்குள் அரை மணி ஓய்வு, இரண்டு நாள் வேலைக்கு நடுவே தொடர்ந்து ஒன்பது மணி நேர ஓய்வு என்று வைத்திருந்தது. நம் ஊர்ப் பயணத் திட்டங்களில் முக்கால்வாசி இந்த அளவைத் தாண்டுபவைதான். மதுரைக்கு அப்பால் ஒரே மூச்சில் போவதாக இருந்தால் இரண்டாவது டிரைவர் கேளுங்கள். அதைவிட முக்கியம், வரப்போகிற டிரைவர் முந்தைய இரவு எங்கே வண்டி ஓட்டினார் என்று கேட்பது. சீசனில் ஒரு டிரிப் முடித்த கையோடு அடுத்ததற்கு அனுப்புவார்கள். முந்தைய நாள் மாலை ஆறு மணிக்கு அவரிடம் போனில் பேசினால் தெரிந்துவிடும். தங்கும் இடத்தில் அவருக்கும் ஒரு கட்டில் போடுங்கள். இரவு முழுக்கக் கொசுக்கடியில் வண்டிக்குள் கிடந்தவர் மறுநாள் காலை உங்களை ஏற்றிக்கொண்டு ஓட்டப் போகிறார்.

டோல், பார்க்கிங், பெர்மிட், கேரள வரி எல்லாம் வாடகைக்குள்ளா வெளியேவா என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். மதுரைப் பாதையில் நாங்குநேரி, கயத்தாறு, எட்டூர்வட்டம் என்று டோல்கள் வரிசையாக நிற்கும், போகவர இரண்டு முறை. ஃபாஸ்டேக்கில் பணம் இல்லாத வண்டி டோலில் நின்றால் கூடுதல் கட்டணத்தை யார் கொடுப்பது என்ற சண்டை அங்கேயே தொடங்கும். அது உரிமையாளர் பொறுப்பு என்று முன்கூட்டியே சொல்லுங்கள். நிறுத்தி வைத்திருக்கும்போது ஏ.சி. போடுவதும் அப்படித்தான். என்ஜின் ஓடினால் டீசல் எரியும், சும்மா போட மாட்டார்கள்.

இவை எல்லாவற்றையும் வாயால் பேசி முடித்தபின் வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியாக அனுப்பி, "சரி" என்று பதில் வாங்குங்கள். இந்த அமைப்பு போதும்:

"தேதி, கிழமை. வண்டி: 26 சீட், ஏ.சி., புஷ்பேக். ஏறும் இடம் ஒன்று, நேரம். ஏறும் இடம் இரண்டு, நேரம். போகும் இடங்கள் வரிசையாக. ஊர் திரும்பும் நேரம். ஷெட் இருக்கும் ஊர். குறைந்தபட்ச கி.மீ., அதற்கு மேல் கி.மீ. ரேட். நாள் கணக்கு எப்போது முதல் எப்போது வரை. பேட்டா. டோல், பார்க்கிங், பெர்மிட் யார் பொறுப்பு. கொடுத்த அட்வான்ஸ். வண்டி எண்ணும் டிரைவர் போன் நம்பரும் முந்தைய நாள் மாலை 6 மணிக்குள். வண்டி மாறினால் அதே சீட், அதே வசதி, அதே வாடகை."

கடைசி வரி மிக முக்கியம். ஏ.சி. வேன் பேசியவருக்கு "அது ஒர்க் ஷாப்புல நிக்குது" என்று பழைய வண்டி வந்து நிற்பது சீசனில் சாதாரணம்.

களியக்காவிளைக்கு அப்பால்

எல்லையோர மேற்குப் பகுதிக்காரர்கள் பலருக்குத் திருவனந்தபுரம் நாகர்கோவிலைவிடப் பக்கம். ஏர்போர்ட், பீமாப்பள்ளி, ஆற்றுக்கால் பொங்கல், சபரிமலை என்று பாதிப் பயணம் கேரளாவுக்குத்தான். தமிழ்நாட்டுக்குள் மட்டும் ஓட அனுமதியுள்ள வண்டி களியக்காவிளையைத் தாண்ட முடியாது. "கேரளா போகணும்" என்று பேசும்போதே சொல்லுங்கள். "முதல்ல ஏறுங்க, பார்த்துக்கலாம்" என்பவரை விட்டுவிடுங்கள். பெர்மிட், வரிப் பணத்தை உங்களிடம் வாங்கினால் ரசீதைக் கேட்டு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பெயர், வயதுடன் பயணிகள் பட்டியல் இரண்டு பிரதி வண்டியில் இருக்கட்டும். சோதனையில் முதலில் கேட்பது அதைத்தான்.

சபரிமலை சீசனில் பெரிய வண்டிகள் நிலக்கல்லில் நிற்கும். அங்கிருந்து பம்பைக்குக் கேரள அரசு பஸ். அந்தப் போக்குவரத்துக்கு இரண்டு பக்கமும் சேர்த்து மூன்று மணி நேரம் ஒதுக்காத திட்டம் எல்லாம் திரும்பும்போது இடறும். நிலக்கல் பார்க்கிங் பரந்தது. வண்டி நிற்கும் கிரவுண்டின் எண்ணை, இறங்கும்போதே குழுவில் எல்லோருடைய போனிலும் போட்டு வையுங்கள்.

பேப்பரும் டயரும்

வண்டி எண் கிடைத்ததும் எம்பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், பெர்மிட், வரி நான்கின் தேதியும் உங்கள் பயணம் முடியும் நாளைத் தாண்டி இருக்க வேண்டும். புறப்படும் நாள் வரை இருந்தால் போதாது. வாடகை வண்டிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. சொந்த உபயோகத்துக்கான வெள்ளைப் பலகை வேன் ஆயிரம் ரூபாய் குறைவாகக் கிடைக்கும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் எழுப்பும் கேள்வியும் அதுவாகவே இருக்கும். தெரிந்தவர் பள்ளிக்கூடத்து பஸ்ஸை ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொள்வதிலும் இதே பிரச்சினைதான். அதன் பெர்மிட் மாணவர்களுக்கும் ஊழியர்களுக்கும் உரியது. ரூட்டில் ஓடும் மினி பஸ்ஸைக் கல்யாணத்துக்கு எடுப்பதானால், அதன் உரிமையாளர் சிறப்பு அனுமதி வாங்கித் தர வேண்டும். அரசு போக்குவரத்துக் கழகமும் ஒப்பந்த வாடகைக்கு பஸ் தருவதுண்டு. உங்கள் ஊருக்கு வருகிற பஸ் எந்தப் பணிமனையோ அங்கே விசாரிக்கலாம். புஷ்பேக் எல்லாம் இருக்காது, ஆனால் அந்த டிரைவருக்கு உங்கள் ஊர் வளைவுகள் அத்துப்படி.

வண்டி வந்து நின்றதும் டயர்களைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். 2322 என்றால் 2022-இன் 23-ஆவது வாரம் தயாரானது. முன் டயர் இரண்டும் தேய்ந்திருந்தாலோ ரீட்ரெட் செய்ததாக (பழைய டயர் மேல் புது ரப்பர் ஒட்டியதாக) இருந்தாலோ நெடுந்தூரத்துக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கி இருக்கிறதா, அவசரக் கதவு திறக்கிறதா, அதன் முன்னால் சீட் போட்டு அடைத்திருக்கிறார்களா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

சமைத்துச் சாப்பிட கேஸ் சிலிண்டர், அடுப்பு எடுத்துப்போகும் பழக்கத்தை நிறுத்திவிடுங்கள். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரையில் சுற்றுலா ரயில் பெட்டி தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். முந்தைய நாள் நாகர்கோவிலில் ரயிலோடு இணைக்கப்பட்ட பெட்டி அது. உள்ளே கொண்டுபோன சிலிண்டர்தான் காரணம். பஸ்ஸுக்குக் கதவு ஒன்றோ இரண்டோதான். வழியில் சமைக்க வேண்டும் என்றே முடிவு என்றால், பாத்திரமும் ஆளும் தனி வண்டியில் முன்னே போகட்டும்.

நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

நாகர்கோவிலில் 10.30-க்குச் சர்ச்சில் கல்யாணம், ஆட்கள் மார்த்தாண்டத்திலிருந்து எட்டு கிலோமீட்டர் உள்ளே. 10.10-க்கு இறங்க வேண்டும். மார்த்தாண்டம் முதல் நாகர்கோவில் 30 கி.மீ.தான், ஆனால் அது தக்கலை வழி. மேம்பாலம் வந்தபிறகும் காலை எட்டு முதல் ஒன்பதரை வரை பள்ளிக்கூட நேரத்தில் ஒன்றேகால் மணி நேரம் வையுங்கள். அப்படியானால் 8.55-க்கு மார்த்தாண்டம் தாண்ட வேண்டும். உள்ரோடு எட்டு கிலோமீட்டருக்கு 25 நிமிடம், இரண்டு நிறுத்தத்துக்கு இருபது நிமிடம். முதல் இடத்துக்கு 8.10. ஆட்களிடம் 7.45 என்று சொல்லுங்கள், டிரைவரிடம் 7.30. ஐம்பது பேர் ஒரே கதவு வழியாகப் பட்டுச்சேலை, குழந்தை, சீர்த்தட்டுகளோடு ஏறப் பத்து நிமிடம் ஆகும் என்பதை யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

வெளியூர்ச் சொந்தங்களுக்கு மாவட்டத்தைச் சுற்றிக் காட்டும் பயணத்தில் வரிசைதான் எல்லாம். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகு காலை 8 மணிக்குத் தொடங்கும். 2024 டிசம்பர் 30-இல் கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு வரிசை இன்னும் நீளம். சூரிய உதயம் பார்த்த கையோடு அங்கேயே காலை உணவை முடித்து வரிசையில் நின்றுவிட வேண்டும். பத்து மணிக்குப் போய் நின்றால் அந்த நாள் அங்கேயே முடிந்துவிடும். பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கள் விடுமுறை, மதியமும் இடைவேளை உண்டு. திற்பரப்பில் கோதையாற்றில் வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை விழும். மாத்தூர் தொட்டிப்பாலத்தை வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். இந்தச் சுற்றுக்கு 12 மீட்டர் கோச் எடுத்தால் திருவட்டாறுக்கு அப்பால் டிரைவர் முகம் மாறும்.

சிவாலய ஓட்டத்தின் பன்னிரண்டு கோயில்களை வண்டியில் சுற்றுபவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். முன்சிறை திருமலையில் தொடங்கித் திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு என்று திருநட்டாலத்தில் முடியும் பாதை முழுக்க ஊர் ரோடுகள். சிவராத்திரிக்கு முந்தைய நாள் முதல் "கோவிந்தா, கோபாலா" என்று ஓடிவரும் பக்தர்கள் ரோட்டை நிறைத்திருப்பார்கள். அந்த நேரத்தில் ஹாரன் அடித்து ஒதுங்கச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. 12 அல்லது 17 சீட் வண்டிக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு கோயிலிலும் இறக்கிவிட்டு, வண்டி அடுத்த கோயில் போகும் வழியில் சற்றுத் தள்ளி நிற்கட்டும். ஆட்கள் அங்கே நடந்து வந்து ஏறினால் திருப்பி எடுக்கும் வேலை மிச்சம். வேறு நாளில் நிதானமாகத் தரிசனம் செய்வதானால் நடுப்பகலில் நடை சாத்தியிருக்கும் நேரத்தைச் சாப்பாட்டுக்கு ஒதுக்குங்கள். பன்னிரண்டையும் மதியத்துக்குள் முடிப்பதாகச் சொல்பவர் ரோட்டை கூகுள் மேப்பில் மட்டும் பார்த்தவர்.

கணக்குத் தீர்ப்பது வண்டியிலிருந்து இறங்குவதற்கு முன் நடக்கட்டும். புறப்படும்போது ஷெட்டில் மீட்டர் காட்டிய எண்ணை டிரைவரிடமிருந்து போட்டோவாக வாங்கி வைத்திருப்பீர்கள். இறங்கும்போது நீங்களே ஒரு போட்டோ எடுங்கள். அங்கிருந்து ஷெட் வரை உள்ள தூரத்தைச் சேர்த்துக் கிலோமீட்டரை முடித்து, டோல் ரசீது, பார்க்கிங் சீட்டுகளோடு டிரிப் ஷீட்டில் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். மீதிப் பணத்தை உரிமையாளருக்கு ஜிபே செய்வதா, டிரைவர் கையில் கொடுப்பதா என்று அவரிடமே போனில் கேட்டபின் கொடுங்கள். பேட்டா மட்டும் டிரைவர் கையிலேயே. விளக்கைப் போட்டு, சீட் அடியிலும் மேல் ரேக்கிலும் ஒருவர் கடைசி வரிசை வரை பார்த்துவிட்டு இறங்கட்டும். மூக்குக்கண்ணாடி, சார்ஜர், மாத்திரை டப்பா இந்த மூன்றும்தான் அதிகம் விட்டுப்போகும். மறுநாள் அந்த வண்டி வேறொரு ஊருக்குப் போயிருக்கும்.